எனி டிகிரி! பி.ஏ. படித்தவர்களுக்கு எங்கே வேலை?

கொங்கு மண்டலத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரி. ஜூன் மாதத்து முற்பகல். கலையரங்கத்தில் கலந்தாய்வு நடக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் மிச்சமிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் எழுதி, அழித்து, திரும்ப எழுதுகிறார்கள். பி.காம்., கணினி அறிவியல் இரண்டுக்கும் நேரே சுழியம் விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. தமிழ், வரலாறு, பொருளாதாரம் மூன்றிலும் இடம் இருக்கிறது. மைக்கில் தரவரிசை எண்ணைக் கூப்பிட்டதும் ஜவுளிக்கடைப் பையைப் பிடித்தபடி ஓர் அப்பாவும் மகளும் எழுந்து வருகிறார்கள். பைக்குள் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், நான்கு புகைப்படங்கள்.

"பி.காம் இல்லீங்களா சார்?"

"முடிஞ்சிருச்சுங்க. ஹிஸ்டரி இருக்குது, எகனாமிக்ஸ் இருக்குது, தமிழ் இருக்குது."

அப்பா மகளைப் பார்க்கிறார். மகள் பலகையைப் பார்க்கிறாள். "ஹிஸ்டரி படிச்சா என்ன வேலைங்க சார் கெடைக்கும்?"

வரிசையில் இன்னும் நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேராசிரியர் படிவத்தை நகர்த்தியபடி சொல்கிறார்: "எல்லா கவர்ன்மென்ட் எக்ஸாமும் எழுதலாங்க. எனி டிகிரிதான் கேப்பாங்க."

"என்ன கண்ணு, சேந்துக்கறயா?" மகள் தலையாட்டுகிறாள். கையெழுத்து விழுகிறது. ஒரு வாழ்க்கையின் அடுத்த மூன்று ஆண்டுகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிவாகிவிடுகின்றன.

அந்தப் பேராசிரியர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 'எனி டிகிரி' போதும் என்று சொல்லும் தேர்வுகள் இந்த நாட்டில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதியை அந்தக் குடும்பத்துக்கு யார், எப்போது சொல்லப்போகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூட்டம் இருப்பது கலைப் படிப்பில்தான்

பொறியியல், மருத்துவம் பற்றித்தான் தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. கட் ஆஃப், கலந்தாய்வு, நீட் என்று ஜூன் முழுக்க அதே பேச்சு. ஆனால் இந்திய மாணவர்களில் பெருங்கூட்டம் உட்கார்ந்திருப்பது கலைப் பாட வகுப்புகளில். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பு (2021-22) தரும் கணக்குப்படி, இளநிலைப் பட்டப் படிப்பில் இருப்பவர்களில் 34.2 சதவீதம் பேர் கலைப் பிரிவினர். பொறியியல் படிப்பவர்கள் 11.8 சதவீதம்தான். கல்லூரிக்குப் போகும் வயதினரில் தமிழ்நாட்டில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள். நாட்டின் சராசரி 28.4. இந்தப் பெருமையில் பெரும்பங்கு, பஸ் ஏறி அரசு கலைக் கல்லூரிக்குப் போய் வரும் பிள்ளைகளுடையது.

தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கின. வீட்டின் முதல் பட்டதாரிகள் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு அரசு செய்ய வேண்டியதில் ஒரு பகுதியைச் செய்திருக்கிறது. வாசலைத் தாண்டி வெளியே வரும்போது என்ன நடக்கிறது?

பெட்டிச் செய்தி
'ஏதேனும் ஒரு பட்டம்' என்று கேட்கும் தேர்வுகள்

குடிமைப் பணித் தேர்வு (யு.பி.எஸ்.சி.): ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கானது. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, 2, 2ஏ: பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். எழுதுபவர்களில் பட்டதாரிகள் ஏராளம்.

வங்கி: ஸ்டேட் வங்கி, ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி, கிளார்க் தேர்வுகள். தமிழ்நாடு கிராம வங்கிக்கும் ஐ.பி.பி.எஸ். வழியாகவே ஆளெடுக்கிறார்கள். ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வைத் தமிழில் எழுதலாம்.

ரயில்வே என்.டி.பி.சி.: ஸ்டேஷன் மாஸ்டர், சரக்கு ரயில் மேலாளர் உள்ளிட்ட பட்டதாரிப் பணிகள். வினாத்தாள் தமிழிலும் உண்டு.

எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்.: மத்திய அரசு அலுவலகங்கள். வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டும்.

காவல் துறை சார்பு ஆய்வாளர்: பட்டமும் உடல்தகுதியும்.

ராணுவ அதிகாரி (சி.டி.எஸ்.): தரைப்படைக்கு எந்தப் பட்டமும் போதும். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாண்டு எல்.எல்.பி.: பி.ஏ. முடித்ததும் சேரலாம்.

காத்திருப்பில் கரையும் இருபதுகள்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மேசைமேல் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள் தொகுப்பு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். படிப்பவர்களில் பலருக்கு வயது 25-ஐத் தாண்டியிருக்கிறது. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்களிலும் இதே காட்சிதான். ஒழுக்கமாக, சத்தமில்லாமல், வருடக்கணக்கில் படிக்கும் இவர்களை யாராவது சோம்பேறிகள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 2022-ல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024-ல் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. 2025-ல் 3,935 இடங்களுக்குச் சுமார் 13.9 லட்சம் பேர். அறிவித்த பிறகு இடங்களைக் கூட்டுவது வழக்கம்தான். அப்படிக் கூட்டினாலும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் வேலைக்கே இந்த நெரிசல்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பொதுப் பிரிவினருக்குக் குரூப் 2 தேர்வுக்கு 32 வயதுதான் வரம்பு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பட்டம் இருந்தால் குரூப் 2, குரூப் 4-ல் இருக்கும் பெரும்பாலான பதவிகளுக்கு மேல் வயது வரம்பு இல்லை. தாமதமாகக் கல்விக்கு வந்த சமூகங்களுக்குக் கிடைத்த நியாயமான சலுகை அது. அதைக் குறைக்க வேண்டும் என்று ஒருக்காலும் சொல்ல மாட்டேன். ஆனால் 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே போவதற்கும் அது இடம் கொடுக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதைத் தேர்வாணையம் சொல்லாது. பயிற்சி மையமும் சொல்லாது. வீட்டிலும் சொல்ல மனம் வராது.

முப்பது வயதில் நிறுத்த நினைக்கும் ஒருவருக்குத் தனியார் நிறுவனத்தில் முதல் கேள்வியே, 'எட்டு வருஷம் என்ன பண்ணீங்க?' என்பதுதான். அவர் இந்திய அரசியலமைப்பின் கூறுகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர். ஐந்தாண்டுத் திட்டங்களின் வரலாறு தெரிந்தவர். ஆனால் ஒரு மாதம்கூட எங்கும் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரருக்குத் தரும் சம்பளத்தைத்தான் அவருக்கும் தருவார்கள். பல இடங்களில் 22 வயதுக்காரரையே எடுத்துக்கொள்வார்கள்.

பெண்களுக்குத் தேர்வெழுதக் கிடைக்கும் காலக்கெடு இன்னும் இறுக்கம். 'ரெண்டு வருஷம் எழுதிப் பாரு, அதுக்குள்ள மாப்பிள்ளை பாத்துருவோம்' என்பது பல வீடுகளில் எழுதாத ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் வரும் அறிவிப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேர்வு எழுதுவது வீண் என்று நான் சொல்லவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவருக்குக் குரூப் 4-ல் நல்ல அனுகூலம் இருக்கிறது. மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எடுத்த தமிழ் மதிப்பெண் தரவரிசைக்கும் சேரும். இது 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு வந்த மாற்றம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. ஆகவே எழுதலாம், எழுதவும் வேண்டும். வேறு எந்த வேலையும் பார்க்காமல் அதை மட்டுமே நம்பி உட்கார்வதைத்தான் நிறுத்த வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் முழுநேரத் தயாரிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பிறகும் எழுதலாம், ஒரு வேலையில் இருந்துகொண்டு.

டீச்சர் ஆகலாம்... எத்தனை வருடத்தில்?

பி.ஏ. என்றதும் வீட்டில் சொல்லும் அடுத்த வார்த்தை 'டீச்சர்'. அந்த வழியின் நீளத்தைச் சேரும்போதே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பி.ஏ. மூன்று ஆண்டு. பி.எட். முன்பு ஓராண்டு; 2015 முதல் இரண்டாண்டு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட் இரண்டாம் தாள். முன்பெல்லாம் டெட் தேறினாலே வேலை என்று நம்பினார்கள். 2018-ல் வந்த அரசாணை 149, டெட் தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. 2013-ல் டெட் தேறியவர்கள் வேலை கேட்டுப் பல ஆண்டுகள் தெருவில் போராடியதைத் தமிழ்நாடு பார்த்தது.

கல்லூரி ஆசிரியர் பணி இன்னும் நீளம். எம்.ஏ., பிறகு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, அல்லது முனைவர் பட்டம். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. அதுவரை வகுப்பறையைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கி, தொகுப்பூதியத்தில் பத்து, பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் அவர்களில் பலர். 'படிப்பு முடித்தால் என்ன வேலை' என்று கேட்கும் மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டியவரே தன் வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாமல் நிற்கிறார். அரசு கலைக் கல்லூரிகளில் வழிகாட்டல் ஏன் பலவீனமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர் வேலை உடனே கிடைக்கும். சம்பளம் குறைவு, சில பள்ளிகளில் கோடை விடுமுறைக்குச் சம்பளமே கிடையாது. ஆனாலும் சொந்த ஊரிலேயே இருக்க வேண்டிய பெண்களுக்குப் பெரும்பாலும் இதுவே முதல் வேலை.

படித்த பாடமே தொழிலாகும் இடங்கள்

வரலாறு படிப்பது வெறும் மனப்பாடம் என்று நினைப்பவர்கள், ஒரு கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், எழுத்து ஓடியிருக்கும். முதலில் கல்லை பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போகக் கழுவுகிறார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டுகிறார்கள். எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வர வேண்டும். பலமாகத் தட்டினால் கிழிந்துவிடும், மெல்லத் தட்டினால் எழுத்து பதியாது. ஈரம் இறங்கியதும் மை தோய்த்த துணி உருண்டையால் ஒற்றுகிறார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகி, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கிறது. இதைப் படித்து, வரி பிரித்து, ஆட்சியாண்டைக் கணித்து, ஊர்ப்பெயரை இன்றைய ஊரோடு பொருத்துவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. மைசூரில் இந்தியத் தொல்லியல் துறை வைத்திருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கீழடியில் 2015-ல் மத்தியத் தொல்லியல் துறையும், 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். சிவகளை, கொற்கை, கொடுமணல், கங்கைகொண்டசோழபுரம் என்று குழிகள் விரிகின்றன. மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுத் தொல்லியல், கல்வெட்டியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. நிரந்தர இடங்கள் குறைவுதான்; ஆயிரக்கணக்கில் வராது. ஆனால் வரலாற்றில் உண்மையிலேயே பித்துப் பிடித்த ஒரு மாணவிக்கு 'குரூப் 4 எழுது' என்பதைத் தவிர வேறு பதிலும் இருக்கிறது. அவள் எம்.ஏ.வுக்குப் போக வேண்டும், வட்டெழுத்தும் கிரந்தமும் படிக்கப் பழக வேண்டும். அதை முதலாண்டிலேயே யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கான சந்தை நாம் நினைப்பதைவிடப் பெரியது, அவர்கள் நினைப்பதைவிடக் கறாரானது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவர்கள் எப்போதும் வேண்டும். ஓ.டி.டி. தளங்களுக்கு சப்டைட்டில், டப்பிங் வசனம், ஒலிப்புத்தகம், விளம்பர வாசகம், மொபைல் செயலிகளின் தமிழ்ப் பதிப்பு, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குத் தமிழ் ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, கணினி மொழிபெயர்த்ததைத் திருத்துவது என்று வேலைகள் வருகின்றன. இவற்றில் பாதிக்கு மேல் துண்டு வேலைகள், பி.எஃப். கிடையாது, இந்த மாதம் வந்தது அடுத்த மாதம் வராது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2023-ல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்குப் பிறகு, தமிழ் நூல்கள் பிறமொழிகளுக்குப் போக மாநில அரசு மொழிபெயர்ப்பு நல்கை கொடுக்கிறது. இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: தமிழோடு இன்னொரு மொழியும் கைவசம் இருக்க வேண்டும். ஆங்கிலமோ, மலையாளமோ, இந்தியோ. சங்க இலக்கியத்தில் முதல் வகுப்பு வாங்கி, ஓர் ஆங்கிலப் பத்தியைப் பிழையில்லாமல் தமிழில் எழுத முடியாத பட்டதாரியை நம் பாடத்திட்டம் ஆண்டுதோறும் உருவாக்குகிறது. குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை. மூன்று ஆண்டில் ஒருமுறைகூட அவரை மொழிபெயர்க்கச் சொல்லி, சிவப்பு மையால் திருத்தி, திரும்பக் கொடுத்ததில்லை.

பொருளாதாரம் படித்தவருக்கு எக்செல் தெரிந்தால் வங்கி, காப்பீடு, சந்தை ஆய்வு நிறுவனங்களில் முதல் நேர்காணலைத் தாண்டலாம். சமூகவியல், உளவியல் படித்தவர்களுக்குச் சமூகப்பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. நல்ல அடுத்த படி: மருத்துவமனை, தொண்டு நிறுவனம், குழந்தைகள் நலப் பிரிவு, தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு என்று அங்கிருந்து வழிகள் பிரிகின்றன. அரசியல் அறிவியல், வரலாறு படித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போனவர்கள் மாவட்ட நீதிமன்றங்களில் நன்றாகவே நிற்கிறார்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் செல்லும். தெளிவாக மனு எழுதத் தெரிந்த இளம் வழக்கறிஞருக்குச் சீனியர் கிடைப்பது கஷ்டமில்லை.

மோட்டார் பைக் இருந்தால் நாளைக்கே வேலை

ஊரகப் பகுதியில் பி.ஏ. முடித்த பையனுக்கு உடனே கிடைக்கும் தனியார் வேலைகளில் ஒன்று, நுண்கடன் நிறுவனத்தின் கள அலுவலர் பணி. விளம்பரத்தில் 'எந்தப் பட்டமும், இருசக்கர வாகனமும், ஓட்டுநர் உரிமமும்' என்று இருக்கும். சம்பளப் பேச்சு பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்தில் தொடங்கும். பெட்ரோல் காசு தனி.

வேலை காலை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் குழுவாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தவணையை வாங்கி, எண்ணி, பதிவு செய்ய வேண்டும். ஒருவர் கட்டவில்லை என்றால் குழுவே அதைச் சரிசெய்யும்வரை அவர் கிளம்ப முடியாது. கட்ட முடியாத பெண் பெரும்பாலும் அந்தப் பையனின் அம்மாவைப் போலவே நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவருடைய வீட்டு வாசலில் இரவு எட்டு மணிவரை நின்று காசு கேட்கச் சொல்லும் வேலையில் ஓர் இருபத்தொரு வயதுப் பையனின் மனம் என்ன பாடுபடும் என்று நிறுவனங்கள் யோசிப்பதில்லை. பலர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்கள் கிளை மேலாளராகி, சிறு நிதி வங்கிகளுக்குப் போய், நிலையான சம்பளத்தில் உட்கார்ந்ததும் உண்டு.

ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை வரவேற்பு மேசை, கால் சென்டர், காப்பீட்டு முகவர் என்று மற்றவை. இந்த வேலைகளில் யாரும் பி.ஏ. பாடத்தைக் கேட்பதில்லை. கேட்பது இரண்டு: கணினியில் கணக்குப் போடத் தெரியுமா, எதிரில் இருப்பவரிடம் தயங்காமல் பேச வருமா. இரண்டையும் மூன்று ஆண்டுக் கல்லூரிக்குள் சொல்லிக்கொடுக்க முடியும்.

இரண்டே ஆண்டில் வெளியேறலாமா?

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் இளநிலைப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம், நான்காண்டுக்கு ஹானர்ஸ் என்று படிக்குப் படி வெளியேறும் வாசல் வைத்தது. வெளியேறியவர் மூன்றாண்டுக்குள் திரும்பி வரலாம். மொத்தம் ஏழாண்டுக்குள் முடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் வேறு மாநிலங்களிலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள்: குடும்பக் கஷ்டம், இரண்டாண்டோடு நிறுத்திக்கொள்ளலாமா?

என் பதில், முடிந்தவரை வேண்டாம் என்பதே. அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் செல்லுபடியாவதற்குக் காரணம், அந்த இரண்டாண்டை அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள நான்காண்டுப் பல்கலைக்கழகங்கள் இருப்பதுதான். அங்குள்ள வேலை வழங்குவோருக்கும் அந்தப் பட்டம் பழக்கமானது. இங்கே முதல் பெட்டியில் சொன்ன தேர்வுகளில் பட்டம் கேட்கும் ஒன்றுகூட இரண்டாண்டுப் பட்டயத்தை ஏற்காது. பிளஸ் டூ தகுதிக்கான தேர்வுகளுக்கோ அந்தப் பட்டயம் தேவையே இல்லை. இரண்டாண்டு உழைப்பு எந்தப் பட்டியலிலும் சேராமல் போகும். மூன்றாம் ஆண்டை முடிக்க உதவித்தொகை, பகுதிநேர வேலை, தொலைநிலைக் கல்வி என்று எந்த வழியையாவது தேடுவதே நல்லது.

பெட்டிச் செய்தி
பட்டம் இருந்தும் கைநழுவ விடுபவை

அரியர்: ஒரு தாள் நின்றாலும் பட்டம் இல்லை. முதல் பருவத்து ஆங்கிலத் தாளை ஐந்தாண்டாகச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் வாங்குவதற்கு முன் அரியரை முடியுங்கள்.

தமிழ்வழிச் சான்று: 20 சதவீத முன்னுரிமைக்கு 2020 சட்டத் திருத்தத்தின்படி பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் உரிய படிவத்தில் சான்று வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது.

படிப்பின் வரிசை: பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது தமிழக அரசுப் பணிகளின் விதி. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் சிக்கல் தரும்.

பயிலும் வட்டம்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாகப் பயிற்சி தருகின்றன.

ஊக்கத்தொகை: தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வாகும் 1,000 பேருக்குக் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய், முதல்நிலை தேறினால் முதன்மைத் தேர்வுக்கு 25,000 ரூபாய்.

நான்காம் பருவத்திலேயே முடிவெடுக்க வேண்டும்

பி.ஏ. மாணவரின் வாழ்க்கையில் மிக மலிவாகச் செலவழிக்கப்படுவது இரண்டாம் ஆண்டு. முதலாண்டின் புதுமை போயிருக்கும், மூன்றாம் ஆண்டின் பயம் வந்திருக்காது. இந்த நேரத்தில்தான் ஒருவர் 'எனக்கு எது' என்று பார்க்க வேண்டும். அரசுத் தேர்வா? அப்படியானால் கணிதப் பயத்தை இப்போதே போக்க வேண்டும். கலைப் பிரிவு மாணவர்கள் பலர் தடுக்கி விழுவது குரூப் 4 போன்ற தேர்வுகளில் வரும் 25 திறனறிக் கேள்விகளில்தான். மொழிபெயர்ப்பா? தினம் ஒரு பக்கம். சட்டமா, எம்.எஸ்.டபிள்யூ.வா, எம்.பி.ஏ.வா? நுழைவுத் தேர்வு எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை மாணவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் வேலைவாய்ப்புப் பிரிவுக்கென்று தனி அலுவலகம், தனி ஆள். அரசு கலைக் கல்லூரிகளில் ஏற்கெனவே வாரத்துக்குப் பதினாறு மணிநேரம் பாடம் எடுக்கும் ஒரு பேராசிரியரின் கூடுதல் பொறுப்பு அது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் படிப்புகளைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது; நல்ல தொடக்கம். ஆனால் அது எப்படி நடக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. கணினி ஆய்வகம் வேலை செய்யும் கல்லூரியில் ஒருமாதிரி, செய்யாத கல்லூரியில் வேறுமாதிரி.

நான் கேட்பது குறிப்பான ஒன்று. நான்காம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் அரசு கலைக் கல்லூரியின் ஒவ்வொரு பி.ஏ. மாணவருக்கும் ஒரு மாத வேலை அனுபவம் வேண்டும், உதவித்தொகையோடு. வரலாற்று மாணவர் அரசு அருங்காட்சியகத்தில், தமிழ் மாணவர் மாவட்ட மைய நூலகத்திலோ உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்திலோ, பொருளாதார மாணவர் கூட்டுறவு வங்கியில், சமூகவியல் மாணவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில். இதற்குப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ வேண்டாம். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் அடுத்த மே மாதமே செய்யலாம். பட்டம் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தொழில்பழகுநர் திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் சேரலாம், சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களே பி.ஏ. பட்டதாரிகளைப் பழகுநராக எடுத்திருக்கின்றன. அரசு கலைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டி வைக்க எத்தனை செலவாகும்?

பெண்களுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். வேலை சென்னையிலோ கோவையிலோ கிடைத்தாலும், 'எங்கே தங்குவாள்?' என்ற கேள்வியில் பல வேலைகள் நின்றுபோகின்றன. பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஏழாயிரத்தை விடுதிக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு என்ன அனுப்புவது? வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் தோழி விடுதிகள் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன; பல மாவட்டங்களில் கட்டியிருக்கிறார்கள், கட்டுகிறார்கள். அவற்றில் முதல் வேலைக்கு வரும் அரசுக் கல்லூரிப் பட்டதாரிப் பெண்களுக்கு முதல் ஆறு மாதம் வாடகையில் சலுகையோடு இடம் ஒதுக்க வேண்டும். படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கொடுத்த அரசு, பட்டம் வாங்கிய மறுமாதமே கையை விட்டுவிடக் கூடாது. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அந்த உதவி நீள வேண்டும்.